உதறினால் சரியாகும் கை

சிங்கப்பூரில் அரசு பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) என்னிடம் கை மரத்துப்போகிறது என்று வருபவர்கள் பலரும் காரணத்தையும் கூடவே கொண்டுவருவார்கள். இரத்த ஓட்டம், நரம்புத் தளர்ச்சி, இல்லையென்றால் பக்கவாத பயம். நான் கேட்பது, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா, எழுந்ததும் என்ன செய்வீர்கள் என்றுதான்.

உணவங்காடியில் பரோட்டாக் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா வாயால் பதில் சொல்லவில்லை. ஈரக்கையை உதறுவதுபோல் உதறிக் காட்டினார்.

"சுண்டுவிரல்?"

"அது நல்லாத்தான் இருக்கு டாக்டர், மத்ததுதான்."

பாதி வேலை அங்கேயே முடிந்தது. மணிக்கட்டில் எலும்புக்கும் குறுக்கே ஓடும் கெட்டியான திசுப்பட்டைக்கும் நடுவே கார்ப்பல் டனல் என்ற குறுகிய வழி. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களோடு மீடியன் நரம்பும் அதில் நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. அந்த வழி இறுகினால் நரம்பு நசுங்கிக் கை மரத்துப்போகும். கட்டைவிரல் முதல் மோதிரவிரலில் பாதிவரை அந்த நரம்பின் கணக்கு. சுண்டுவிரலுக்கு நரம்பே வேறு. மணிக்கட்டை ஒரு நிமிடம் மடக்கிப் பிடிக்கச் சொல்லியும் பார்ப்பேன். அதில் மரப்பு வராவிட்டாலும், சொன்ன கதை பொருந்தினால் கதையைத்தான் நம்புவேன்.

அக்காவுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) உண்டு. உடனே பழியை அதன்மேல் போட்டுவிடலாம்தான். ஆனால் அதனால் வரும் நரம்புப் பாதிப்பு பெரும்பாலும் பாதத்தில்தான் தொடங்கும். அதேசமயம் இனிப்பு நீர், தைராய்டு குறைவு, கர்ப்பம் எல்லாமே இந்த மணிக்கட்டு நெருக்கடிக்கும் வழிவிடும்.

மணிக்கட்டை மடங்காமல் நேராகப் பிடித்துவைக்கும் பட்டை ஒன்றைப் போடச் சொன்னேன். "பட்டையை மாட்டிக்கிட்டு எப்படி மாவு பிசையறது?" என்றார். பிசையவே வேண்டாம், தூங்கும்போது போடுங்கள் என்றேன். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: பகலெல்லாம் மாட்டிக்கொண்டு ராத்திரி கழற்றிவிடுவார்கள். தூக்கத்தில்தானே மணிக்கட்டு நமக்குத் தெரியாமல் மடங்குகிறது! கடையில் விற்கும் பட்டைகள் பலவற்றில் உள்ளே இருக்கும் உலோகத் தகடு கையை மேல்நோக்கி வளைத்தே வைத்திருக்கும். அதை உருவி, மேசை விளிம்பில் வைத்து நேராக்கிக் கொடுத்தேன். ஆறு வாரம் போட்டுப் பார்க்கலாம். போதாவிட்டால் ஸ்டீராய்டு ஊசி இருக்கிறது. வைட்டமின் மாத்திரை இந்த இறுக்கத்தைத் தளர்த்தாது.

எனக்குக் கவலை தருபவர்கள், வலி போய்விட்டது என்று மகிழ்ச்சியாக வருபவர்கள். அப்படி வந்த ஒரு தையற்காரப் பெரியவருக்கு மரப்பு இரவு பகலாக நிலைத்திருந்தது, கட்டைவிரலடிச் சதை தட்டையாகியிருந்தது. சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னேன். கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் போட முடிந்தது. "வலியே இல்லையே டாக்டர், எதுக்கு ஆபரேஷன்?" நரம்பு சோர்ந்துவிட்டதால்தான் ஐயா வலி குறைந்திருக்கிறது என்று சொல்லி, பட்டைக்கெல்லாம் காத்திராமல் கை அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் எழுதினேன். குடிமகன் என்பதால் எங்கள் பரிந்துரையில் போனால் மானியம் உண்டு. அதைச் சொன்ன பிறகுதான் கடிதத்தை வாங்கிப் பைக்குள் வைத்தார்.