'>' குறிக்கு மூன்று இரவுகள்

தோட்டத்துக்கு மும்முனை மின்சாரம் வந்துவிட்டது என்ற குறுஞ்செய்தி, நேற்று இரவு 11.40-க்கு அப்பச்சியின் கைபேசிக்குப் போய்ச் சேர்ந்தது. அதை அனுப்பும் சிம்800 மோடத்தோடு (சிம் போட்டு, நிரலால் இயக்கும் சிறு கைபேசிப் பலகை) மூன்று இரவாக நடந்த மல்லுக்கட்டு ஒருவழியாக முடிந்தது.

சிக்னல் அளவு, சிம் நிலை என எதைக் கேட்டாலும் பதில் சொன்ன மோடம், குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லும் சிஎம்ஜிஎஸ் கட்டளைக்கு மட்டும் வாய் திறக்கவில்லை. சிம்மை மாற்றினேன், ஆன்டெனாவை மாற்றினேன், மோடத்தைத் திட்டவும் செய்தேன். கடைசியில் வேறொரு மென்பொருளில் பைட் பைட்டாகப் பார்த்தால், அது பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது: 13, 10, 62, 32. முதல் இரண்டும் வரி முறிவு, பிறகு '>', ஓர் இடைவெளி, அவ்வளவுதான். 'செய்தியைத் தா' என்று பொருள். அதற்குப் பின் வரி முடிவே கிடையாது. நானோ, வரி வரியாகக் கிடைக்கட்டும் என்ற சோம்பலில் டெர்மியோஸில் (லினக்ஸில் தொடர் இணைப்பை அமைக்கும் இடம்) ஐகேனானை, அதாவது முழு வரியாக மட்டுமே தரும் முறையை, அணைக்காமல் விட்டிருந்தேன். வரி முடியாதவரை இயங்குதளத்தின் மையமான கெர்னல் அந்த '>'-ஐ என் நிரலிடம் தராது. மோடம் என் செய்திக்குக் காத்திருந்தது, நான் மோடத்துக்குக் காத்திருந்தேன்.

வந்ததை அப்படியே தரும் ரா முறைக்கு மாற்றி, குறைந்தபட்ச பைட் எண்ணிக்கையான விமினை 0, காத்திருக்கும் நேரமான விடைமை 10, அதாவது ஒரு நொடி, என்று வைத்ததும் அடுத்த தொல்லை வந்தது. ஒரே பதில் துண்டு துண்டாக வந்தது. துண்டுகளைக் கோத்து வரியாக்குவதை நானே எழுதினேன். வரியின் தொடக்கத்தில் 62 வந்தால் மட்டும் நிரல் வரி முடிவுக்குக் காத்திருக்காது. அதுவும் சிஎம்ஜிஎஸ் நிலுவையில் இருக்கும்போது மட்டும்தான்.

மோடம் கடைசியில் சொல்லும் 'ஓகே'-வைத் தேடிப் பதிலை முடிப்பவர்கள் கவனிக்க: மாமா சோதனைக்காக 'ஓகே' என்று ஒரு செய்தி அனுப்பினார். அதைப் படித்த நிரல், மோடம் முடித்துவிட்டதென்று பாதியிலேயே எழுந்து போய்விட்டது. முழு வரியை ஒப்பிட்டும் பயனில்லை, செய்தியே அந்த ஒரு சொல்தானே! இப்போது செய்தியைப் படிக்கும் சிஎம்ஜிஆர் கட்டளைக்கு வரும் பதிலின் தலைப்பு வரிக்கு அடுத்த வரியைச் சோதிக்காமலே தாண்டுகிறேன்.

கோவை காந்திபுரத்தில் மோடம் வாங்கிய கடையில் 1 ஆம்பியர் அடாப்டரே போதும் என்றார்கள். நம்பாதீர்கள். செய்தி அனுப்பும் கணத்தில் இது 2 ஆம்பியர் வரை இழுக்கும். 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை மோடத்தின் அருகிலேயே பற்றவைத்த பிறகுதான் அணைந்து அணைந்து எழுவது நின்றது.

செய்தியைப் பார்த்த அப்பச்சி டார்ச்சை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குக் கிளம்பினார். "கரண்டு வந்ததைச் சொல்கிற பெட்டி, மோட்டாரைப் போட்டுவிடாதா கண்ணு?" என்றார். அதற்கான ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வாங்கி மேசையில் கிடக்கிறது, ஸ்டார்ட்டரில் இன்னும் இணைக்கவில்லை. மிஸ்டு கால் கொடுத்தால் ஓட வேண்டும் என்று நினைத்து, அழைப்பவரை மோடம் தெரிவிக்கும் கிளிப் வரியிலிருந்து எண்ணைப் பிரித்தெடுக்கத் தொடங்கியிருக்கிறேன்.