பாதி டிக்கெட்

ரெண்டு நாளாக வரலாற்றாசிரியர் ரவுல் ஹில்பெர்க் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். 1926-ல் வியன்னாவில் பிறந்த யூதர். 1939-ல் குடும்பத்தோடு தப்பி அமெரிக்கா போய், அப்புறம் அமெரிக்க ராணுவ வீரராக ஜெர்மனிக்கே போனவர்.

ஹிட்லரின் நாஜிகள் நடத்திய யூதப் படுகொலையை ஆய்வு செய்ய எடுத்தபோது, எதிர்காலம் கெட்டுப்போகும் என்று நெறியாளரே எச்சரித்தாராம். மனிதர் கேட்கவில்லை. பல பதிப்பகங்கள் கைவிட்ட அவர் புத்தகம் 1961-ல்தான் வந்தது.

அவர் தோண்டியது பெரும்பாலும் குமாஸ்தா காகிதங்களை. சுற்றறிக்கை, ரசீது, ரயில் அட்டவணை. கொலை முகாம்களுக்கு ஆட்களை ஏற்றிப்போன ஜெர்மன் ரயில்வே அதற்குக் கட்டணம் வாங்கியிருக்கிறது! மூன்றாம் வகுப்பு, ஒரு வழி. பத்து வயதுக்குக் கீழே பாதி டிக்கெட், நாலு வயதுக்குள் இலவசம். குறைந்தது 400 பேர் என்றால் குழுச் சலுகை. காவலர்களுக்கு மட்டும் போக வர டிக்கெட்.

ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கான ரயில் அட்டவணை ஒன்றை அவர் வரி வரியாக விளக்குவார். போகும்போது நிறைந்த வண்டி, திரும்பும்போது காலி வண்டி. அந்தக் காலி வண்டி அப்படியே அடுத்த ஊருக்கு. 'கொலை' என்ற சொல் அந்தத் தாளில் எங்கேயும் கிடையாது. தட்டச்சு செய்தவருக்கு அது இன்னொரு வேலை நாள், அவ்வளவுதான். எனக்கு அதுதான் அதிகம் பயமாக இருக்கிறது.

நேற்று ஊருக்குப் போக ரயில் டிக்கெட் போட்டேன். மகளின் வயதைக் கேட்டது. ஒன்பது என்று அடித்துவிட்டு, கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.