யாருடா இந்த ஆளு?

நடுவீட்டில் தொங்கிய தாத்தா படத்தைக் கரையான் தின்றுவிட்டது. சட்டம் மட்டும் மிச்சம். அமாவாசைக்குள் புதுசு மாட்டியாக வேண்டும் என்று அப்பத்தா சொல்ல, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் படித்தவனாம். இந்த வீட்டில் மிக்ஸி ஓடவில்லை என்றாலும் என்னைத்தான் பார்ப்பார்கள்.

வேறு ஒரே படம், 2008-ல் சித்தப்பா தன் விஜிஏ கேமரா போனில் எடுத்தது. 640க்கு 480 புள்ளி, அதாவது பிக்சல். அவர் கைவண்ணம்தான் தெரியுமே, பாதிப் படத்தில் அவருடைய புது மொபெட் நிற்கிறது, தாத்தா ஓரமாக நிற்கிறார். வண்டியை வெட்டினால் தாத்தாவின் பங்கு 300க்கு 400, அதாவது 1,20,000 புள்ளி. சட்டமோ 12க்கு 16 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி இருந்தால்தான் நல்லா வரும் என்றார் ஸ்டுடியோ அண்ணன். பெருக்கிப் பார்த்தேன், 1,72,80,000. ஒரு டம்ளர் ரசத்தில் 143 டம்ளர் தண்ணீர் விட்டுப் பந்தி நடத்தச் சொல்கிறார்கள், அதுவும் ருசி குறையாமல்.

முதலில் சும்மா இழுத்துப் பார்த்தேன். போன் படத்தைச் சேமிக்கும் ஜேபெக் என்ற முறையில், 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாகத்தான் சுருக்கி வைக்கிறார்கள். பன்னிரண்டு மடங்கு இழுத்ததும் ஒவ்வொரு கட்டமும் கால் அங்குலத்தைத் தாண்டி, தாத்தா மூக்கில் தாயம் ஆடலாம் போல வந்து நின்றது. பைகியூபிக் என்று இன்னொரு வழி, பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து இடைவெளியை நிரவிவிடும். கட்டம் போனது. ஆனால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நான் உலகத்தைப் பார்த்தால் எப்படியோ அப்படி ஆகிவிட்டார் தாத்தா.

சரி, ஏஐ. இரண்டே நிமிடம், பளிச். மீசையை முடி முடியாக எண்ணலாம். எண்ணிக்கொண்டே கீழே வந்தால், பல்! வரிசையாக, வெள்ளையாக, பற்பசை விளம்பரம் மாதிரி. மாடு முட்டித் தாத்தாவுக்கு முன்பல் போனதும், மிச்சமிருந்ததில் வெற்றிலைக் காவி ஏறியதும் ஊருக்கே தெரியும், அதற்குத் தெரியவில்லை. பாவம், இல்லாத விவரத்துக்கு அது எங்கே போகும்? பார்த்துப் பழகிய ஆயிரக்கணக்கான முகங்களை வைத்து ஊகித்து ஒட்டுகிறது. 2020-ல் இப்படி ஒரு நிரலிடம் ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்ததற்கு ஒரு வெள்ளைக்காரரைத் திருப்பிக் கொடுத்தது. எங்கள் தாத்தா பல்லோடு தப்பித்தார்.

அப்பத்தா படத்தை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது.

"யாருடா இந்த ஆளு?"

அப்புறம் என் போனைப் பிடுங்கி, அந்தப் பழைய மங்கல் படத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. "இதுல அவருதான இருக்காரு. இத்துனூண்டா இருந்தா என்ன, இதையே போட்டுக் குடு."

ஸ்டுடியோ அண்ணன் கணக்குப்படி தாத்தாவுக்குக் கிடைத்த அகலம் ஓர் அங்குலம், பாஸ்போர்ட் போட்டோவைவிடச் சின்னது. எட்டுப் பிரதி போட்டோம். ஒன்று அப்பத்தாவின் சுருக்குப்பையில், கொட்டைப்பாக்கோடு. இன்னொன்றைச் சித்தப்பா வாங்கிப் போனார். இன்று காலை அதைப் போனில் படம் பிடித்து, விரல் நிழலோடு, குடும்பக் குழுவில் போட்டிருக்கிறார்.

"தம்பி, இதைக் கொஞ்சம் பெரிசு பண்ண முடியுமாப்பா?"