முன் டயரில் ஒளிந்திருக்கும் வித்தியாசம்: ஆடி ஆர்எஸ்6 அவாண்ட், போர்ஷே 911 கரேரா எஸ்

2019இல் ஜெர்மனியில் 1,20,000 யூரோவோடு வண்டி வாங்கப் போனவருக்கு, குணத்தில் துளியும் ஒத்துப்போகாத இரண்டு வண்டிகள் ஏறக்குறைய ஒரே விலையில் கிடைத்தன. ஆடி ஆர்எஸ்6 அவாண்டின் தொடக்க விலை 1,17,500 யூரோ. போர்ஷே 911 கரேரா எஸ்ஸின் தொடக்க விலை 1,20,125 யூரோ. முதலாவதில் ஐந்து பேர், ஒரு நாய், ஒரு மாதச் சாமான் போகும். இரண்டாவதில் இரண்டு பேர் போகலாம், பின்னால் ஒரு கைப்பையை வைக்கலாம்.

ஆர்எஸ்6 ஒரு வேகன்: கூரை பின்கதவு வரை நீண்டு, சாமான் இடத்தையும் மூடிய கார். இந்த உடலமைப்பை பிரிட்டனில் எஸ்டேட் என்பார்கள், ஜெர்மனியில் கோம்பி என்பார்கள். ஆடி வைத்த பெயர் அவாண்ட். நம்மூரில் டாட்டா எஸ்டேட்டுக்குப் பிறகு இதை யாரும் பெரிதாகச் சீண்டவில்லை. அந்த இடத்தை எஸ்யூவி பிடித்துக்கொண்டது. ஐரோப்பாவில் கதை வேறு. அங்கே வேகமான வேகன் ஒரு தனிச் சாதி. ஆடியின் அதிவேக வரிசையான ஆர்எஸ்ஸின் முதல் வண்டியே ஒரு வேகன்தான்: 1994இல் வந்த ஆர்எஸ்2 அவாண்ட். ஐந்து சிலிண்டர், 2.2 லிட்டர் டர்போ, 315 குதிரைத்திறன். அது பூட்டப்பட்டது போர்ஷேயின் சுஃபன்ஹவுசன் ஆலையில். பிரேக்கும் சக்கரமும் பக்கக் கண்ணாடியும்கூட போர்ஷே வழி வந்தவை. ஆக, இன்று நாம் எதிரெதிரே நிறுத்தும் இந்த இரண்டும் ஒருவகையில் பங்காளிகள்.

இனி கணக்கு. ஆர்எஸ்6 (2019இல் வந்த தலைமுறை) 4.0 லிட்டர் வி8, இரட்டை டர்போ, 600 குதிரைத்திறன், 800 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. கரேரா எஸ் (992 தலைமுறையின் முதல் வடிவம்) 3.0 லிட்டர், படுத்த ஆறு சிலிண்டர், அதற்கும் இரட்டை டர்போ, 450 குதிரைத்திறன், 530 நியூட்டன் மீட்டர். ஓட்டுநர் இல்லாத எடை ஆடிக்கு 2,075 கிலோ, எட்டு கியர் பிடிகே (போர்ஷேயின் இரட்டை கிளட்ச் தானியங்கி) போட்ட போர்ஷேக்கு 1,515 கிலோ. வகுத்துப் பார்த்தால் டன்னுக்கு 289 குதிரை, 297 குதிரை. நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட ஆடி எடுப்பது 3.6 விநாடி, போர்ஷே 3.7, ஸ்போர்ட் க்ரோனோ என்ற ஆப்ஷன் தொகுப்பைப் பொருத்தினால் 3.5. இரண்டு வண்டிகளையும் ஓடுபாதையில் நிறுத்தி விரட்டும் வீடியோக்களை எத்தனை பார்த்தாலும் ஒன்றும் தெரியாது என்பது இதனால்தான். நேர்கோட்டில் இரண்டும் ஒன்று.

சரி, ஆடியின் கூடுதல் 560 கிலோ எங்கே போனது? எடையை டயர் டயராகப் பிரித்தால் தெரியும்.

ஆர்எஸ்6இன் எடையில் ஏறக்குறைய 55 சதவீதம் முன் அச்சில் உட்கார்ந்திருக்கிறது. அதாவது 1,140 கிலோ, ஒரு முன் டயருக்கு 570. ஆப்ஷனாக வரும் 22 அங்குலச் சக்கரத்தில் டயர் 285/30, அதாவது அகலம் 285 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 30 சதவீதம். அகலத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டரும் 2 கிலோ சுமக்கிறது. 911இல் முன் அச்சுக்கு வருவது சுமார் 38 சதவீதம்தான். 575 கிலோ, ஒரு டயருக்கு 288. டயர் 245/35, 20 அங்குலம். மில்லிமீட்டருக்கு 1.2 கிலோ. இப்போது பின்பக்கம்: ஆடிக்கு மில்லிமீட்டருக்கு 1.6 கிலோ, 305/30 அளவு 21 அங்குல டயர் போட்ட போர்ஷேக்கு 1.5. பின்னால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. மொத்த வித்தியாசமும் முன் டயரில் குவிந்திருக்கிறது.

காரணம் எஞ்சின் இருக்கும் இடம். ஆடியின் நீளவாக்கு அமைப்பில் வி8 முன் அச்சுக்கு முன்னால் துருத்திக்கொண்டு நிற்கிறது. போர்ஷேயில் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. இரண்டும் பாடப்புத்தகம் வேண்டாம் என்று சொல்லும் இடங்கள்தான். ஆனால் டயருக்கு ஒரு குணம் உண்டு: சுமை இரட்டித்தால் பிடிமானம் இரட்டிக்காது, அதைவிடக் குறைவாகத்தான் கூடும். வளைவில் எடை வெளிப்பக்கம் சாயும்போது ஆடியின் வெளிப்பக்க முன் டயர் இந்தச் சட்டத்தின் மோசமான ஓரத்தில் நிற்கிறது. அதுதான் முதலில் வழுக்கும்.

இதைச் சமாளிக்க ஆடி செய்திருக்கும் வேலைகள் ரசிக்கத்தக்கவை. நடு டிஃபரன்ஷியல் சாதாரணமாக முறுக்குவிசையை முன்னுக்கு 40, பின்னுக்கு 60 என்று பிரிக்கும். தேவைப்பட்டால் பின்னுக்கு 85 சதவீதம் வரை தள்ளும். ஆப்ஷனாக வரும் ஸ்போர்ட் டிஃபரன்ஷியல் வெளிப்பக்கப் பின் சக்கரத்தை அதிகம் உந்தி மூக்கை உள்ளே திருப்பும். பின் சக்கரத் திருப்பம் வாங்கியிருந்தால், குறைந்த வேகத்தில் பின் சக்கரங்கள் எதிர்த்திசையில் 5 டிகிரி வரையும், அதிக வேகத்தில் அதே திசையில் 2 டிகிரி வரையும் திரும்பும். பழைய வண்டி வாங்குபவர் மற்ற ஆப்ஷன்களை விட்டாலும் இந்த இரண்டையும் விடக்கூடாது. இவை இல்லாத ஆர்எஸ்6 நெடுஞ்சாலையில் ராஜா, மலைப்பாதையில் பாரவண்டி.

ஓட்டும் முறையும் இதற்கேற்ப மாறும். ஆர்எஸ்6இல் பிரேக்கின் பெரும்பகுதியை வண்டி நேராக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். மிச்சமிருக்கும் கொஞ்ச அழுத்தத்தைத் திருப்பத்துக்குள் கொண்டுபோய் மெல்ல விடலாம். ஸ்டியரிங்கை ஒரே மூச்சில் ஒடிக்காமல், முன் டயர் கடிக்கும் வரை பொறுக்க வேண்டும். வளைவின் உள்விளிம்பைத் தொட்டதும் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பின்பக்க டிஃபரன்ஷியல் மீதியைப் பார்த்துக்கொள்ளும். முன் டயர் தேய்ந்து முனகும் சத்தம் கேட்டால் பலரும் ஸ்டியரிங்கை இன்னும் திருப்புவார்கள். அது டயரின் தோள்பட்டையைக் கரைக்குமே தவிர வண்டியைத் திருப்பாது. அரை அங்குலம் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொடுத்து, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்துங்கள். 911இல் சிக்கல் நேர்மாறு. முன்பக்கம் லேசு என்பதால் பிரேக்கை வளைவுக்குள் கொண்டுபோய் மூக்கில் எடை ஏற்றினால்தான் அது கடிக்கும். வெளியேறும்போது பின்னால் இருக்கும் எடை டயரைத் தரையோடு அமுக்கிப் பிடிக்க, ஆக்சிலரேட்டரை மற்ற வண்டிகளைவிட முன்னதாகவே கொடுக்கலாம். செய்யக்கூடாதது ஒன்றுதான்: வளைவின் நடுவில் பயந்து காலைச் சட்டென்று எடுப்பது. வண்டியின் பின்பக்கத்தை வெளியே வீசும் பின்புற எஞ்சினின் பழைய கோபம் எலக்ட்ரானிக்ஸுக்கு அடியில் இன்னும் இருக்கிறது.

பிரேக்கில் 560 கிலோவுக்கு ஒளிய இடமில்லை. 75 கிலோ ஓட்டுநரோடு 200 கி.மீ. வேகத்திலிருந்து 100க்கு இறக்க, ஆடி சுமார் 2.5 மெகாஜூலை வெப்பமாக மாற்ற வேண்டும். போர்ஷேக்கு 1.84. காற்றின் தடையைக் கழிக்காமல் சொன்னால், ஆடிக்கு இது ஒரே மிதியில் ஏழரை லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம். போர்ஷேக்கு ஐந்தரை லிட்டர். ஆடி முன்னால் 420 மி.மீ. இரும்பு டிஸ்க் வைத்ததும், செராமிக் கேட்டால் 440 மி.மீ. கொடுத்ததும் பகட்டுக்காக அல்ல. போர்ஷே 350 மி.மீ. டிஸ்க்கோடு நிம்மதியாக இருக்கிறது. ஆடியின் 305 கி.மீ. உச்ச வேகத்தைத் திறக்க வேண்டுமானால் செராமிக் பிரேக் சேர்ந்த தொகுப்பையே வாங்க வேண்டும் என்பதும் இதனால்தான். அது இல்லாவிட்டால் 250 அல்லது 280இல் பூட்டு.

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் உள்ள நோர்ட்ஷ்லைஃபே என்ற பந்தயப் பாதை இதைத் தெளிவாகக் காட்டும். ஆரெம்பெர்கில் ஒரு கனமான பிரேக், பிறகு ஃபுக்ஸ்ரோரெ சரிவில் பாய்ச்சல், உடனே ஆடனாவர் ஃபோர்ஸ்டில் இன்னொரு மிதி, கொஞ்ச நேரத்தில் வேர்ஸைஃபன் இறக்கம், கீழே ப்ரைட்ஷைட் பாலம். கீழிறங்கும் சாலையில் அடுத்தடுத்து மிதிப்பதால் டிஸ்க் ஆற நேரமே கிடைக்காது. கனமான வேகனின் பெடல் நீளமாவதை உணர்வது இந்தப் பகுதியில்தான். பெர்க்வெர்கைத் தாண்டி கெஸ்ஸல்ஷென் ஏற்றம் தொடங்கியதும் காட்சி மாறும்: பிரேக்குக்கு ஓய்வு, 800 நியூட்டன் மீட்டருக்கு வேலை. பொதுமக்கள் ஓட்டும் நேரத்தில் அங்கே சுற்று நேரம் அளக்கத் தடை, இடப்பக்கம் மட்டுமே முந்தலாம். காப்பீட்டு ஒப்பந்தத்தில் அந்தப் பாதையை விலக்கும் வரி இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள்.

எந்த வண்டியானாலும் பந்தயப் பாதைக்குப் போகும் முன் பிரேக் ஆயிலை மாற்றுங்கள். டாட் 4 ஆயிலுக்குத் தரநிலை கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி. ஈரம் உறிஞ்சிய பின் 155. பெடல் தரை வரை போவதற்கு முக்கால்வாசி நேரம் காரணம் இந்த 75 டிகிரி இழப்புதான், டிஸ்க் அல்ல. டயர் காற்றைச் சூடான நிலையில் அளந்து குறையுங்கள்; 10 டிகிரி ஏற ஏற அழுத்தம் 0.1 பாரைக் கொஞ்சம் தாண்டி ஏறும், அதாவது 50 டிகிரி சூடானால் 0.6 பார். வீடு திரும்பும் முன் மறுபடி நிரப்ப மறக்காதீர்கள், ஆர்எஸ்6இல் குறிப்பாக: சாமானும் ஆளுமாகக் குறைந்த காற்றில் நெடுஞ்சாலையில் ஓடும் 30 தொடர் டயர் பக்கவாட்டில் சூடேறிப் பிளக்கும். கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் ஓட்டி, நிறுத்தியதும் பார்க்கிங் பிரேக்கைப் போடாமல் கியரில், ஆட்டோமேட்டிக் என்றால் 'பி'யில், விடுங்கள். சூடான பிரேக் பேட் ஒரே இடத்தில் அழுந்தினால் அதன் மேற்பரப்பு டிஸ்க்கில் ஒட்டிப் படிந்து, அடுத்த நாள் ஸ்டியரிங் நடுங்கும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று பட்டறையில் சொல்வதில் பாதி இந்தப் படிவுதான்.

மழையில் நியாயம் புரண்டுவிடும். காய்ந்த சாலையில் 911க்கு வரமாக இருந்த லேசான முன்பக்கம், தேங்கிய நீரில் சாபம். அகல டயர் மேல் குறைந்த சுமை இருந்தால் அது நீரைப் பிளக்காமல் மிதக்கும். போர்ஷேக்கே இது தெரியும். முன் சக்கரக் குழிக்குள் ஒலி உணரி வைத்து, நீர் தெறிக்கும் சத்தத்தைக் கேட்டு 'வெட்' முறைக்கு மாறச் சொல்லும். சட்டம் 1.6 மி.மீ. பள்ளம் போதும் என்றாலும், இரண்டு வண்டியிலும் கோடை டயரை 3 மி.மீ.யில் தூக்கிப்போடுங்கள். ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் அடைமழையில் 160இல் குடும்பத்தோடு போக வேண்டுமென்றால் என் கை ஆர்எஸ்6 சாவியைத்தான் தேடும்.

சாமான் விஷயத்தில் போட்டியே இல்லை: 565 லிட்டர், இருக்கை மடித்தால் 1,680. 911இன் முன் டிக்கி 132 லிட்டர். பெட்ரோலிலும் ஆடி கஞ்சத்தனம் காட்ட முயல்கிறது. லேசாக ஓட்டும்போது 2, 3, 5, 8ஆம் சிலிண்டர்களை அணைத்துவிடும். எடைக்கு முன்னால் அது பெரிய சேமிப்பு அல்ல.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு. ஆர்எஸ்6இல் இரண்டு வகை சஸ்பென்ஷன் உண்டு. ஏர் சஸ்பென்ஷன் என்றால் இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் போய்ப் பாருங்கள். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் பலூனில் கசிவு, அதைச் சரிக்கட்ட ஓடி ஓடி கம்ப்ரஸரும் போகும் வழியில் இருக்கிறது. மற்றது டிஆர்சி (டைனமிக் ரைடு கன்ட்ரோல்). அதில் எதிர்மூலை டேம்பர்கள் (அதிர்வு அடக்கிகள்) எண்ணெய்க் குழாயால் இணைந்திருக்கும். ஒன்று கசிந்தால் அதன் ஜோடியும் அழுத்தம் இழக்கும், மறுபடி நிரப்பத் தனிக் கருவி வேண்டும். பழைய ஆர்எஸ் வண்டிகளில் இதைக் கழற்றிவிட்டு சாதாரண காயில்ஓவர் (ஸ்ப்ரிங்கும் டேம்பரும் சேர்ந்த அமைப்பு) போட்டவர்கள் ஏராளம். நான்கு டயரின் பள்ளத்தையும் அளந்து பாருங்கள். பட்டறைக் கணக்குப்படி 2 மி.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தால், நடு டிஃபரன்ஷியல் நேர்சாலையிலும் ஓயாமல் வேலை செய்து சூடாகும். நான்கையும் மாற்றச் சொல்லி விலையைக் குறையுங்கள். 22 அங்குல ரிம்மைக் கழற்றி உள்விளிம்பைப் பாருங்கள், குழியில் விழுந்த விரிசல் அங்கேதான் இருக்கும். இடித்த வண்டியானால் யோசியுங்கள்: சாதாரண ஏ6 அவாண்டோடு இதற்குப் பொதுவானது முன் கதவுகள், கூரை, பின் கதவு மட்டுமே. மட்கார்டும் பம்பரும் ஏ6இலிருந்து பொருந்தாது. முந்தைய தலைமுறை (2013இல் வந்தது) வாங்குகிறீர்கள் என்றால், டர்போவுக்குப் போகும் எண்ணெய் வழியில் உள்ள சல்லடை கரியால் அடைத்து டர்போ தாங்கி பழுதாகும் குறை அந்தத் தலைமுறை 4.0 வி8இல் பேர்போனது. அது மாற்றப்பட்டதற்கான ரசீது கேளுங்கள்.

911இல் முதலில் குனிந்து முன் பம்பரின் இருபுறக் காற்றுத் துளைகளுக்குள் டார்ச் அடியுங்கள். உலர்ந்த இலையும் கூழாங்கல்லும் அங்கே சேரும். ஈரத்தோடு கிடந்தால் ஏசி கண்டென்சரும் ரேடியேட்டரும் அரித்துப்போகும். மேனுவல் கியர் வண்டியானால் எஞ்சின் கணினியிலிருந்து அதிவேகச் சுழற்சிப் பதிவை எடுத்துத் தரச் சொல்லுங்கள், தவறான கியருக்கு இறக்கியிருந்தால் காட்டிக்கொடுக்கும். மஞ்சள் காலிபர் கண்டால் செராமிக். அதன் தேய்மானத்தைக் கண்ணால் மட்டும் அளக்க முடியாது, டிஸ்க்கைக் கழற்றி எடை போட்டு அதிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச எடையோடு ஒப்பிட வேண்டும். பின் டயரின் உள்விளிம்பைக் கையால் தடவுங்கள், சக்கரச் சாய்வினால் அது வெளியே தெரியாமல் முதலில் தேயும். கடைசியாக டயர் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. குறைவாக ஓடிய ஸ்போர்ட்ஸ் கார்களில் பள்ளம் நிறைய இருந்தும் ரப்பர் கெட்டித்துக் கிடக்கும், ஆறு வயதுக்கு மேல் என்றால் ஒரு செட் டயர் விலையைப் பேரத்தில் கழித்துவிடுங்கள்.