வேகமாக நடந்து முடிப்பதா கிரிவலம்?

இந்தக் காலத்தில் பக்தி எங்கே இருக்கிறது என்று கேட்பவரை, பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் நிறுத்தினால் வாயடைத்துப் போவார். ஆனால் கூட்டத்தை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. 14 கிலோமீட்டரை இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, எத்தனை அடி நடந்தோம் என்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பவரும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். நிறைமாதக் கர்ப்பிணி நடப்பதுபோல் நடக்கவேண்டும் என்பது பெரியவர்கள் வாக்கு. அப்படி நடந்தால் நாலரை, ஐந்து மணி நேரம் பிடிக்கும். இன்றைய வாழ்க்கைக்கு இந்த வழிபாடு தருவது அந்த நிதானத்தைத்தான்.

மலை எப்போதும் வலப்பக்கம் இருக்கவேண்டும். நாம் இடது ஓரமாகவே நடப்பது மரபு. மலையை ஒட்டிச் சித்தர்கள் வலம் வருவதாக நம்பிக்கை. இந்திரலிங்கம் தொடங்கி அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசான்யம் என எட்டு லிங்கங்கள். பௌர்ணமியன்று குபேரலிங்க வரிசை நேரத்தை விழுங்கிவிடும். வாசலில் நின்றே கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டலாம், குறையொன்றும் இல்லை.

வெறுங்காலில் நடப்பதுதான் முறை. வெயில் ஏறிவிட்டால் தார் சுடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஈரக்காலோடு நடப்பதுதான் பெரிய தொல்லை. கால் கழுவிய ஈரம் காயுமுன் தாரில் நடந்தால், ஊறிய தோல் தேய்ந்து கொப்புளம் போடும். ஒரு சின்னத் துண்டு கையில் இருக்கட்டும். முதல் ஒரு மணி நேரம் வீறாப்பாக நடப்பவருக்கு ஏறக்குறைய பாதி வழியில் உள்ள ஆதி அண்ணாமலைக் கோயில் வரும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, பௌர்ணமி திதி பெரும்பாலும் இரண்டு தேதிகளில் பரவும். அது தொடங்கும் நேரத்தைப் பஞ்சாங்கத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சடங்கு வேறு, ஞானம் வேறு என்று பேசுபவர்கள் இங்கே வாழ்ந்த ரமண மகரிஷியைக் கொஞ்சம் கவனிக்கலாம். 1896இல் 16 வயதில் வந்தவர், 1950இல் சமாதி அடையும்வரை இந்த மலையை விட்டுப் போகவில்லை. ‘நான் யார்?’ என்ற விசாரத்தைப் போதித்த அவரே கிரிவலத்தின் பெருமையையும் எடுத்துச் சொன்னார், தாமும் பலமுறை நடந்தார்.

மனசு அடங்கவேண்டும் என்று வருபவருக்குப் பௌர்ணமி சரிப்படாது. சாதாரண வாரநாளில் விடியற்காலை நான்கு மணிக்குத் தொடங்கலாம். செங்கம் சாலையை விட்டுப் பாதை வலப்பக்கம் திரும்பியதும் வண்டிச் சத்தம் குறையும். நமசிவாய ஜபத்தை அங்கே தொடங்கினால், எண்ணிக்கை தப்பாமல் நிற்கும்.