எழுந்து நிற்கச் சொன்னவன்

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆங்கில இலக்கியம் நடத்தி வருகிறேன். அமெரிக்கக் கறுப்பின மக்களின் எழுத்துகளைப் பற்றிய தாள் எனக்குப் பிடித்தமானது. 1955 டிசம்பர் 1 அன்று மாண்ட்கோமரி நகரப் பேருந்தில், வெள்ளையர் உட்காருவதற்காக இருக்கையை விட்டு எழுந்திருக்க மறுத்த ரோசா பார்க்ஸைப் பற்றியும், அதன்பின் அந்நகரத்துக் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பேருந்துகளைப் புறக்கணித்ததைப் பற்றியும் சொல்லும்போது வகுப்பு அசையாமல் கேட்கும். எனக்கே தொண்டை அடைக்கும். இனவெறியை எண்ணி இவ்வளவு உருகுகிறவனிடம் சாதி ஒட்டிக்கொண்டிருக்க வழியில்லை என்று என்னைப் பற்றி நானே தீர்மானித்திருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், அந்தப் பாடத்தின் நடுவிலேயே அலுவலக உதவியாளர் ஒரு தாளை நீட்டினார். ஆதிதிராவிட மாணவர்களுக்கான உதவித்தொகைப் பட்டியல். வழக்கம்போல் பெயர்களை உரக்க வாசித்து, வாசிக்கப்பட்டவர்களை எழுந்து நிற்கச் சொல்லி, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பாஸ்புக் நகல் ஆகியவற்றை மறுநாளே கொடுத்துவிட வேண்டும் என்றேன். பதினோரு பேர் நின்றார்கள். மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாலையில் அவர்களில் ஒருவர் துறைக்கு வந்து, "சார், கையெழுத்துக்கு நாங்களே ஆபீசுக்கு வந்துருதோம். கிளாஸ்ல பேரு வாசிக்க வேண்டாம் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் குரலில் கோபம் இல்லை. எழுந்திருக்க மறுத்த ஒரு பெண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அதே வாயால்தான் அந்தப் பதினோரு பேரை எழுந்து நிற்கச் சொல்லியிருக்கிறேன் என்பது அன்றிரவு வீட்டில்தான் எனக்கு உறைத்தது. என் மாணவப் பருவத்தில் என்னை யாரும் அப்படி நிறுத்தியதில்லை. நிறுத்தும் தேவை இல்லாத சாதியில் பிறந்திருந்தேன்.

துறைக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது மூத்த பேராசிரியர் ஒருவர், "பி.சி., எம்.பி.சி. பட்டியலையும்தானே வாசிக்கிறோம், இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். அந்தப் பட்டியல்களை வாசிக்கும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்ற பதில், கூட்டம் முடிந்து படியிறங்கும்போதுதான் எனக்கு வந்தது.

அதன்பின் என்னுடைய மற்ற வழக்கங்களையும் சந்தேகப்படத் தொடங்கினேன். முதல் நாள் வகுப்பில் ஒவ்வொருவரையும் "எந்த ஊரு தம்பி?" என்று கேட்பது என் பழக்கம், அதை அன்பு என்றே நினைத்திருந்தேன். நெல்லைச் சீமையில் ஊர்ப் பெயரே பாதியைச் சொல்லிவிடும், மீதியை "ஊருக்குள்ளயா, காலனியா?" என்ற அடுத்த கேள்வி கறந்துவிடும். அந்த இரண்டாவது கேள்வியை நான் கேட்டதில்லைதான். ஆனால் என் கேள்விக்கு மாணவர் சொல்லும் பதிலைக் கேட்டுக்கொண்டு பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர், இடைவேளையில் அதைக் கேட்டுவிடுவார். சிலர் "திருநெல்வேலி பக்கந்தான் சார்" என்று நிறுத்திக்கொண்டதை ஆண்டுக்கணக்கில் கூச்சம் என்று தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறேன்.

2012ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த விதிகளின்படி எங்கள் கல்லூரியிலும் சம வாய்ப்பு மையம் உண்டு, பாகுபாட்டுப் புகார்களைக் கேட்க ஓர் அலுவலரும் உண்டு. ஆண்டறிக்கையில் புகார்கள் 'இல்லை' என்று எழுதும்போது நாங்கள் பெருமைப்பட்டோம். யாருக்கும் எங்கள்மேல் நம்பிக்கை இல்லை என்றும் அதற்குப் பொருள் இருக்கலாம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த தலித் மாணவரையும் அவருடைய தங்கையையும் உடன் பயின்ற மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து அரசு அமைத்த நீதியரசர் சந்துரு ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டக் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்யவும், அகர வரிசைப்படி மாணவர்களை உட்கார வைக்கவும் அது பரிந்துரைத்தது. அது பள்ளிகளுக்கான அறிக்கை என்று நாங்கள் ஒதுங்கிவிட முடியாது. அந்த வகுப்பறைகளில் இருந்தவர்கள்தான் அடுத்த ஆண்டு எங்களிடம் வருகிறார்கள், கயிறும் முழுக்கைச் சட்டைக்குள் கூடவே வருகிறது. கத்தரிக்கோலோடு வாசலில் நிற்கும் ஆசிரியராக இருக்க எனக்கு விருப்பமில்லை. கயிறு போன பிறகும் கட்டியவனின் கணக்கு மனதில் இருக்கும்.

நான் செய்தவை சிறியவை. உதவித்தொகை விவரம் இப்போது அவரவர் கைப்பேசிக்குப் போகிறது. விடைத்தாளில் பெயரை மறைத்துவிட்டுத் திருத்துகிறேன். அப்படித் திருத்தியபோதுதான், கான்வென்ட் ஆங்கிலத்துக்கு நான் எவ்வளவு தாராளமாக மதிப்பெண் போட்டு வந்திருக்கிறேன் என்பது தெரிந்தது. முதல் நாளில் ஊரைக் கேட்பதில்லை, கடைசியாகப் படித்த புத்தகத்தைக் கேட்கிறேன்.

மாண்ட்கோமரிக்கு முன்னால் ஒரு வகுப்பைச் சேரன்மகாதேவிக்காகவும் ஒதுக்கினேன். 1920களில் வ.வே.சு. ஐயர் அங்கே நடத்திய தேசிய குருகுலத்தில் பிராமண மாணவர்கள் சிலருக்குத் தனிப்பந்தி நடந்ததையும், வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்ததையும் சொன்னேன். பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊர் அது. வகுப்பில் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. ரோசா பார்க்ஸுக்குக் கலங்கிய கண்கள் அன்று கலங்கவில்லை. சிலர் மேசையைப் பார்த்தார்கள், சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மணி அடித்ததும் ஒரு மாணவி வந்து, "சார், இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டார். வராது என்றேன். எழுதியிருந்த பக்கத்தை அடிக்காமல் நோட்டை மூடிக்கொண்டு போனார்.