தசை ஒட்சிசனை அளந்து பயிற்சி கொடுத்த அனுபவம்

கிளிநொச்சியில் 800 மீற்றர் ஓடும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். கனடாவிலிருந்து லீவில் வந்த மச்சான் தசை ஒட்சிசன் சென்சர் ஒன்று கொண்டுவந்து தந்தார்.

விரலில் மாட்டும் ஒட்சிமீற்றரைக் கொரோனா காலத்தில் எல்லோரும் பார்த்திருப்போம். அது நாடி இரத்தத்தில் உள்ள ஒட்சிசனை அளப்பது. பிள்ளை மூச்சு வாங்க ஓடிவந்து நின்றாலும் பெரும்பாலும் 95 வீதத்துக்கு மேலேதான் காட்டும். தொடைத் தசை படும் பாடு அதில் தெரியாது. இந்தச் சென்சர் செங்கீழ்க் கதிருக்கு அண்மித்த ஒளியைத் தோலுக்குள் அனுப்பி, திரும்பி வருவதைப் பிடிக்கிறது. 800 நனோமீற்றருக்குக் குறைந்த அலைநீளத்தில், ஒட்சிசனை இறக்கிவிட்ட ஈமோகுளோபின் (இரத்தத்தில் ஒட்சிசனைக் காவும் பொருள்) ஒளியைக் கூடுதலாக உறிஞ்சும். அதற்கு மேலே ஒட்சிசன் ஏறியது கூடுதலாக உறிஞ்சும். அந்த வித்தியாசத்திலிருந்துதான், தசையில் ஒட்சிசன் ஏறிய ஈமோகுளோபின் எத்தனை வீதம் என்று கணக்காகிறது.

வெளித்தொடையில் பேனையால் அடையாளம் போட்டு, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் கட்டினோம். பெண் பிள்ளைகளுக்கு ஆசிரியை ஒருவர் கட்டிவிட்டார். அம்மாமாரிடம் முதலே விளக்கியிருந்தோம்.

எங்கள் வெயில்தான் பெரிய சோதனை. ஓரத்தால் வெளிச்சம் புகுந்தால் எண் கண்டபடி துள்ளும். கறுப்புத் துணியால் மூடி, மேலே பண்டேஜ் சுற்றினோம். இறுக்கினால் இரத்த ஓட்டம் தடைப்படும், தளர்த்தினால் வியர்வையில் வழுக்கும். தோலுக்கடியில் கொழுப்புத் தடிப்பாக இருந்தால் ஒளி தசையைச் சரியாக எட்டாது. தோலின் கறுப்பு நிறமியும் ஒளியை உறிஞ்சும். ஆகவே ஒருவரின் எண்ணை இன்னொருவரின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. பிள்ளைகளிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன்.

உண்மையான பயன் ஓடி முடித்த பிறகுதான் தெரிந்தது. 300 மீற்றர் ஓட்டங்களில் ஒரு பிள்ளைக்கு 70ஐ ஒட்டி இருந்த வீதம் 30க்குக் கிட்ட இறங்கியது. நின்றதும் விறுவிறென்று ஏறி, தொடங்கிய இடத்தையும் தாண்டியது. ஓட்டங்கள் கூடக்கூட அந்த ஏற்றம் மந்தமானது. "களைக்கேல்லை சேர், இன்னொண்டு ஓடுறன்" என்று கோட்டில் வந்து நின்றாள். போனில் அந்த வீதத்தைக் காட்டும் கோடு இன்னும் பாதிவழியில்தான் இருந்தது. பொறு பிள்ளை என்று மறித்து, அது சமனாகும்வரை நிற்க வைத்தேன். அப்புறம் ஓடிய ஓட்டத்தில் கடைசி 100 மீற்றரிலும் அவளுடைய கால் எட்டு சுருங்கவில்லை.

முன்பெல்லாம் எல்லோருக்கும் ஒரே ஓய்வு. நேரம் முடிந்ததும் விசில். இப்போது ஆளுக்கு ஆள் ஓய்வு வேறு. ஒரே சென்சர் என்பதால் முறை வைத்துக் கட்டி, அவரவர் கோட்டை அவரவர் கொப்பியில் வரைந்து வைக்கிறோம். மாகாணப் போட்டிக்கான பயிற்சி அட்டவணையை அந்தக் கொப்பிகளைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.